ஆனாலும் தொரை

ஒரே ஒரு சொல்லை வைத்துக்கொண்டு அமெரிக்காவில் ஒரு கல்லூரியையும் கம்பம் பள்ளத்தாக்கில் என்னையும் திணறடித்த மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவருடைய பெயர் இங்கே யார் வாயிலும் நுழையவில்லை. யார் எதைச் சொன்னாலும் "ஆம்" என்று தலையாட்டுவார். வெற்றிலை மடித்துப் போடும் நேரம் யோசிப்பார். பிறகு "ஆனாலும்..." என்று ஆரம்பிப்பார். ஆகவே ஆனாலும் தொரை.

பிறந்தது அமெரிக்காவில் ஒரு குடியானவர் வீட்டில். மாடு மேய்த்திருக்க வேண்டியவர் கப்பலேறி ஜெர்மனிக்குப் போனார். உலகமெல்லாம் அறிவின் லீலை என்று சொல்லும் அந்த ஊர்த் தத்துவத்தைக் கரைத்துக் குடித்துத் திரும்பினார், கல்லூரி வாத்தியாரானார். கடவுள் விஷயத்திலும் "ஆனாலும்" போட்டதால், கல்லூரியை நடத்திய பாதிரிமார் மாலை போடாமலே வழியனுப்பிவிட்டார்கள். பெரியாறு அணை வேலை நடந்துகொண்டிருந்த காலம் அது. இந்தப் பக்கம் வைத்தியம் பார்த்த மைத்துனரின் பங்களாவுக்கு வந்து, ஒரு பெரிய புத்தகம் எழுத உட்கார்ந்தார். தமிழ் சொல்லிக்கொடுக்க அகப்பட்ட முன்ஷி நான்.

ஒருநாள் கோம்பைக்குப் போனோம். வேட்டைக்கும் கடிக்கும் பேர்போன அந்த ஊர் நாயைப் பற்றி நான் சொல்லவேண்டியதில்லை. ஒன்று எங்களைப் பார்த்தது. மறுகணம் இரண்டு பேரும் ஒரு குட்டிச்சுவரின் மேல் இருந்தோம். மூச்சு வாங்கிக்கொண்டே தொரை உபதேசித்தார்.

"முன்ஷி, நாய் நம் அறிவுக்குள் இருக்கிறது."

"இருக்கட்டும் தொரை. பல்லு வெளியில இருக்கு."

"ஆம். ஆனாலும்..."

சுவரில் முதலில் ஏறியது நான் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அந்த வருஷம் மலைக்காய்ச்சல் அணைக் கூலிகளோடு இறங்கி எங்கள் ஊருக்கும் வந்தது. எனக்குக் குளிர் கண்டதுமே என் சாவை நானே ஊருக்கு அறிவித்துவிட்டேன். மனைவி பிரசவத்துக்குப் பிறந்தகம் போயிருந்தாள். கூடலூரிலிருந்து அக்கா ஓடிவந்தாள். நாங்கள் வேதக்காரர்கள், கத்தோலிக்கர். கடைசிப் பூசுதலுக்குப் பங்குச் சாமியாரைக் கூட்டிவர ஆள் போயிருந்தது.

நடுப்பகலில் வாசலில் நீண்ட தாடி, வெள்ளை அங்கி, கக்கத்தில் தடித்த புத்தகம். நான் பாடத்துக்கு வரவில்லையே என்று பார்க்க வந்த தொரை! அக்கா அவரை அதற்குமுன் கண்டதில்லை.

"சாமி வந்துட்டாக! மெழுகுத்திரியப் பொருத்துங்கடி! வாசிங்க சாமி, உசிரு இழுத்துக்கிட்டுக் கெடக்கு!"

யாராவது வாசிக்கச் சொன்னால் மறுக்கிற மனிதரா அவர்? பிரித்தார். ஜெர்மன் தத்துவம் மடைதிறந்து பாய்ந்தது. எங்கள் ஜனத்துக்கு லத்தீனும் விளங்காது, ஜெர்மனும் விளங்காது. அவர் மூச்சு விட்ட இடமெல்லாம் வீடே முழங்காலில் நின்று "ஆமென்" என்றது. அமெரிக்காவில் கொட்டாவியை மட்டுமே கேட்டிருந்தவர், முகம் பூரித்துப் பக்கத்தைத் திருப்பினார்.

அது ஜெபமில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் அத்தனை ஆமெனுக்கு நடுவில் என் குரல் எங்கே எடுபடும்? இந்தப் புத்தகத்தைக் கேட்டுக்கொண்டா பரலோகம் போவது? திகிலில் அவர் அங்கியைப் பிடித்தேன்.

"தொரை... நான் செத்துப்போவேனா?"

"ஆம்" என்றார்.

அக்கா நெஞ்சில் அடித்துக்கொண்டாள். தொரை யோசித்தார். அந்த வெற்றிலை நேரத்தில் என் சவ அடக்கத்தை நான் முழுதாகப் பார்த்தேன், கூட்டம் குறைவு என்று வருத்தமும் பட்டேன்.

"ஆனாலும்..."

அந்தச் சொல் அவ்வளவு இனிக்கும் என்று யார் கண்டார்கள்!

"...இந்தத் தூளை விழுங்கினால், இப்போது அல்ல."

அவர் அங்கிப் பையில் மைத்துனர் கொடுத்த காய்ச்சல் மருந்து, கொயினா, இருந்தது. கசப்பைத் துப்பப் பார்த்தேன். வாயைப் பொத்தினார். காய்ச்சல் விடும்வரை என் தலைமாட்டை விட்டு நகரவில்லை. வேளாவேளைக்குப் புகட்டினார், நடுவில் தத்துவமும் புகட்டினார். நிஜச் சாமியார் மூன்றாம் நாள் வந்து குதிரையை விட்டு இறங்கியபோது நான் கஞ்சி கேட்டுக்கொண்டிருந்தேன்.

"ஏலே, அப்ப இவுக சாமி இல்லையா? கால்ல விழுந்து கும்பிட்டேனேடா!"

"போகுதுக்கா. அவுக படிச்ச படிப்புக்கு இதுவரைக்கும் யாரும் விழுந்ததில்ல."

புத்தகம் முடிந்ததும் தொரை கப்பலேறிவிட்டார். இப்போது அங்கே பெரிய கல்லூரியில் உபாத்தியாயர். பிள்ளைகள் தேடிவந்து கேட்கிறார்களாம். அவர் சொன்னதில் ஒரு வரிகூட எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

மலையிலிருந்து குளிர்காற்று இறங்கினால் இப்போதும் நாடியைப் பிடித்துக்கொண்டு, இந்த வருஷம் போய்விடுவேன் என்று உட்கார்ந்துவிடுகிறேன். கொஞ்ச நேரம் கழித்து, அவரை நினைத்து, எனக்கு நானே மெல்லச் சொல்லிக்கொள்வேன்:

ஆனாலும்.