குனு சேர்க்காதவர்களோடு பேச்சில்லை

இனிமேல் வெறுமனே 'லினக்ஸ்' என்று சொல்கிறவர்களுக்குப் பதிலே கிடையாது. யாராக இருந்தாலும் சரி. கட்டிய பெண்டாட்டியாக இருந்தாலும் சரி. திருத்தக்காரன் சபதம் போட்டுவிட்டான்.

தெரு அவனுக்கு வைத்த பேர் அது. முன்னறையில் ஆறு கணினிகளைப் போட்டுப் பயிற்சி மையம் நடத்தினான். கணினியை இயக்கும் மென்பொருளில் லினக்ஸ் என்பது நடுவில் இருக்கும் கரு மட்டும்தானாம். சுற்றியிருக்கும் மற்றதில் பெரும்பங்கு குனு என்கிற குழுவின் ஆட்கள் எழுதியதாம். அதனால் 'குனு-லினக்ஸ்' என்று முழுசாகச் சொல்ல வேண்டுமாம். "லினக்ஸ் கத்துக்கணும் சார்" என்று வந்தவர்களை வாசலிலேயே திருத்தினான். வந்தவர்கள் வாசலோடு போனார்கள். கடைசி மாணவனும் நின்றாயிற்று. கரண்டைப் பிடுங்க வந்த ஆள் கெடு சொல்லிவிட்டுப் போயிருந்தான். அன்றைக்கும் மனைவி வெறும் 'லினக்ஸ்' என்றே சொன்னாள்.

"அடுப்பைக் காட்டி இதுதான் சமையலறைன்னு சொல்லுவியாடி?"

"முதல்ல அது எரியட்டும். அப்புறம் பேரு வைக்கலாம்."

அதற்குத்தான் சபதம். மனைவி அழவில்லை, கெஞ்சவில்லை. அதற்கே அவன் பயந்திருக்க வேண்டும். மண்டையில் உறைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவள் அண்ணன் வேனோடு வந்து நின்றார்.

"என்னங்க, இந்த லினக்ஸ் கம்ப்யூட்டரையெல்லாம் அண்ணன் குடோனுக்கு எடுத்துக்கறேன்னு சொல்றாரு. குடுத்துடலாமா?"

'கூடாது' தொண்டை வரை வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டான்.

"வேண்டாம்னா ஒரு வார்த்தை சொல்லுங்க. லினக்ஸ் போனாப் போகட்டுமா?"

கண் சிவந்தது. வாய் திறக்கவில்லை.

"மாப்ள, லினக்ஸ் விஷயத்துல உங்களுக்கு வருத்தம் ஒண்ணும் இல்லையே?" அண்ணனுக்கும் பாடம் எடுத்துத்தான் கூட்டி வந்திருந்தாள்.

"அவருதான் ஒண்ணும் சொல்லலையே. தூக்குண்ணே."

ஆறும் போயின. அறை முழுக்கத் தூசியும் அறுந்த வயரும். அவன் நடுவில் நின்றான், செத்த வீட்டுக்கு வந்தவன் மாதிரி.

அவள் அவன் முன்னால் வந்தாள். நிறுத்தி, நிதானமாகச் சொன்னாள்.

"குனு-லினக்ஸ்காரரே."

கல்யாணமானதிலிருந்து அவன் கெஞ்சிக் கேட்டும் அவள் வாயில் வராத வார்த்தை. உருகிப் போனான்.

"என்னம்மா?"

"முழுசாச் சொல்லிட்டேன். நீங்க பதில் சொல்லியாகணும். அண்ணன் குடோன்ல மூட்டை எண்ண ஆள் வேணும், இன்னிக்கே. நீங்க வேன்ல ஏறுறீங்களா, இல்ல நான் பெட்டியோட ஏறவா?"

அவள் முகத்தைப் பார்த்தான். விளையாட்டு இல்லை.

"நானே ஏறுறேன்."

முன் சீட்டில் அண்ணன் சாமான் இருந்தது. அவனைப் பின்னால், கணினிகள் சாயாமல் பிடித்துக்கொள்ள உட்கார வைத்தார்கள்.