ஆதரவு வந்த தெரு

தெருவில் தனியாக நடக்கப் பயப்படுகிறவர்களோடு இரண்டு பேர் கூட நடந்து போவது. தையலக்கா நடத்திய சங்கத்தின் வேலை இவ்வளவுதான். இதற்கென்று ஒரு சங்கம் தேவைப்பட்டதிலிருந்தே ஊரின் லட்சணம் விளங்கும்.

தோல் நிறத்தையும் பேச்சையும் பார்த்து ஆள் பிடித்து அடித்த மூன்று நாள் கலவரம் ஓய்ந்த மறுவாரம், தன் தையல் கடையிலேயே அவள் சங்கத்தை ஆரம்பித்தாள். கூட அவள் நாத்தனார், ரொட்டிக்கடைக்காரர், ஓய்வுபெற்ற தபால்காரர், அவர் சம்சாரம். படிவம் கிடையாது, பெயர்ப் பலகை கிடையாது. வாசலில் வந்து "அக்கா, துணை வேணும்" என்றால் இரண்டு பேர் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்புவார்கள்.

தினமும் பத்து மணிக்குச் சலவைக்கடைப் பெண் வருவாள். கலவரத்தில் தெருமுனையிலிருந்து ஒருவன் எறிந்த பாட்டில் அவளுடைய வலது கையைக் கிழித்திருந்தது. ஒரு நாள் விடாமல் மருத்துவமனைக்கு வந்து கட்டு மாற்றி, விரல்களுக்குப் பயிற்சி செய்யாவிட்டால் இஸ்திரிப் பெட்டியை மறந்துவிட வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பாட்டில் எறிந்தவனோ இன்னும் அதே தெருமுனையில் சிகரெட் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தான்.

இப்படி ஒழுங்காக நடந்துகொண்டிருந்த காரியம் அரசின் கவனத்துக்கு வந்தது.

'பொது ஒழுங்குக் குலைவுக்குப் பிந்தைய சமூகத் தன்னார்வ அமைப்புகள் ஆதரவுப் பிரிவு' என்று ஒன்று இருக்கிறது. பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் அடுத்த கலவரம் வந்துவிடும். அங்கிருந்து கடிதம் வந்தது: 'தங்கள் அமைப்பின் அருந்தொண்டினைக் கனிவுடன் பரிசீலித்து, உரிய ஆதரவினை நல்கிட ஆணையிடப்படுகிறது.' தையலக்காவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. கடிதத்தைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினாள்.

மறுநாள் ஆதரவு அலுவலர் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"அம்மா, ஆதரவு கொடுக்கக் காலையில பத்து மணிக்கு வர்றேன். பஸ் நிறுத்தத்துக்கு ரெண்டு பேரை அனுப்புங்க."

"எதுக்கு சார்? நிறுத்தத்துல நின்னு பாத்தாலே கடை தெரியுமே."

"தெரியும்மா. ஆனா இடர் மதிப்பீட்டுல உங்க தெரு சிவப்பு. அலுவலர்கள் துணையில்லாம உள்ள வரக் கூடாது."

"அப்ப துணைக்கு உங்க ஆபீஸ்லேருந்து யாரையாவது..."

"அவங்களும் அலுவலர்கள்தானேம்மா? அவங்களுக்கும் துணை வேணுமே. உங்க சங்கமே துணைக்குப் போற சங்கம்தானே?"

மறுக்க முடியாத நியாயம். பத்து மணிக்குத் தபால்காரரும் சம்சாரமும் நிறுத்தத்துக்குப் போனார்கள். சலவைக்கடைப் பெண்ணை நாத்தனாரும் ரொட்டிக்கடைக்காரரும் அழைத்துப் போனார்கள். அதுவரை பிரச்சினை இல்லை.

ஆதரவு அலுவலர் ஆதரவு கொடுக்கிறாரா என்று பார்க்க ஒரு கண்காணிப்பு அலுவலர் வந்தார். சங்கத்தின் மனக்குறைகளைக் கேட்டறிய ஒரு செவிமடுத்தல் அலுவலர் வந்தார். அவர் கேட்டார், ஆனால் கேட்டதை எழுதுவது வேறு பிரிவின் வேலை என்பதால் எழுதவில்லை. எழுதுகிறவர் வியாழக்கிழமை வந்தார். ஒவ்வொருவரையும் கூட்டி வந்து, திரும்பக் கொண்டுபோய் பஸ் ஏற்றிவிட வேண்டியிருந்தது.

அப்போது எல்லா அலுவலகத்திலும் 'மீண்டெழுதல்' என்ற சொல் அமோகமாக ஓடிக்கொண்டிருந்தது. ஆகவே ஒரு மீண்டெழுதல் பயிற்றுநரும் வந்தார். உங்கள் பயத்தை ஒரு படமாக வரையுங்கள் என்றார். ரொட்டிக்கடைக்காரர் பஸ் வரைந்தார். அடுத்து வந்த உடன்நடத்தல் நிபுணர், முப்பத்தைந்து வருஷம் தபால் கொடுத்த மனிதருக்கு எப்படி நடப்பது என்று இரண்டு நாள் சொல்லிக்கொடுத்தார். ஐந்து பேருக்கும் மஞ்சள் மேல்சட்டையும் கழுத்தில் மாட்டும் அடையாள அட்டையும் கிடைத்தன. சட்டை தொளதொளவென்று இருந்ததால் தையலக்கா ஐந்தையும் பிரித்துத் தைத்தாள். கண்ணாடியில் பார்த்தபோது தனக்கு எடுப்பாகத்தான் இருக்கிறது என்று அவளுக்குத் தோன்றியது. பொய் சொல்வானேன்.

மாத அறிக்கை போயிற்று. போன மாதம் துணை கேட்டவர்கள் பதினாலு பேர். இந்த மாதம் அறுபத்தொன்று. அதில் ஐம்பத்தெட்டு பேர் அலுவலர்கள் என்பதற்குப் படிவத்தில் இடம் இல்லை. பதில் உடனே வந்தது: 'துணை கோருவோர் எண்ணிக்கை பன்மடங்கு பெருகியுள்ளதிலிருந்து இத்தெருவில் அச்சம் அதிகரித்துள்ளமை தெளிவாகிறது. எனவே இனி ஒவ்வோர் அலுவலருக்கும் நால்வர் துணை செல்லவும்.'

ஐந்தில் நாலு போனால் மிச்சம் ஒன்று. அந்த ஒன்று தையலக்கா. அவள் படிவம் நிரப்பிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, மணி பத்தாச்சு."

"கொஞ்சம் பொறுத்துக்க கண்ணு. நாலு பேரும் நிறுத்தத்துக்குப் போயிருக்காங்க."

"நேத்தும் இதேதான் சொன்னீங்க. விரலெல்லாம் மரத்துப்போகுதுக்கா."

"எனக்கு மட்டும் ஆசையா? இந்த ஆதரவு ஒரு ஒழுங்குக்கு வந்துடட்டும். அப்புறம் உன்னைப் பல்லக்குல தூக்கிட்டுப் போறேன்."

அந்தப் பெண் திரும்பிப் போனாள். ஒன்பது நாள் அப்படியே போயிற்று.

பத்தாம் நாள் தொலைபேசி அடித்தது. அதிகாரமான ஒரு பெண் குரல்.

"தலைமை ஆய்வு அலுவலர் பேசுறேன். சலவைக்கடை வாசல்லேருந்து மருத்துவமனை வரைக்கும் நேரடி ஆய்வு. பத்து மணிக்கு ஆளுங்க வந்து நிக்கணும்."

தையலக்கா அலறியடித்துக்கொண்டு, நிறுத்தத்துக்குப் போக இருந்த நாலு பேரையும் திருப்பி, தானும் சட்டையை மாட்டிக்கொண்டு ஓடினாள். சலவைக்கடை வாசலில், கட்டுப் போட்ட கையை மார்போடு அணைத்துக்கொண்டு அந்தப் பெண் நின்றிருந்தாள்.

"நீயா?"

"நான்தான்க்கா. நான் நானாவே வந்து கேட்டா நீங்க வரமாட்டேங்குறீங்களே."

தையலக்காவுக்கு முகத்தில் அறைந்தது போல் இருந்தது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல அவமானம். "வா" என்று மட்டும் சொல்லி அவள் தோளில் கை போட்டுக்கொண்டாள். ஐந்து பேரும் அவளை நடுவில் விட்டு நடந்தார்கள். தெருமுனையில் நின்றவன் சிகரெட்டைக் கீழே போட்டுவிட்டு ஒதுங்கினான்.

அன்றைக்கு பஸ்ஸில் வந்திறங்கிய ஏழு அலுவலர்களும் துணை இல்லாமல் திகைத்து, போகிற கூட்டத்தைப் பார்த்ததும் ஓடிவந்து பின்னால் ஒட்டிக்கொண்டார்கள்.

"ஒரு கட்டு மாத்த இத்தனை பேரா?" என்றாள் நர்ஸ்.

டாக்டர் கட்டைப் பிரித்துப் பார்த்தார். மூன்று விரல் பிழைத்துக்கொள்ளும், இரண்டு இனி மடங்காது என்றார். தையலக்கா அங்கேயே அழுதாள்.

ஆதரவு அலுவலர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு பயனாளி கருத்துப் படிவத்தை நீட்டினார். அந்தப் பெண்ணால் பேனாவைப் பிடிக்க முடியவில்லை. தையலக்கா வாங்கி, 'சற்றும் திருப்தியில்லை' என்ற கட்டத்தில் பேனாவை வைத்தாள்.

"அதுல போட்டா என்ன சார் ஆகும்?" என்று கேட்டாள் அந்தப் பெண்.

"உடனடியா கூடுதல் ஆதரவு அனுப்புவோம்."

அந்தப் பெண் தன் இடது கையால் தையலக்காவின் கையைப் பிடித்து நகர்த்தினாள். பேனா 'மிக மிகத் திருப்தி'யில் போய் நின்றது. தையலக்காவும் அழுத்தி ஒரு கோடு போட்டாள்.

இப்படியொரு திருப்தியை அந்தப் பிரிவு அதுவரை கண்டதில்லை. அந்தத் தாளை ஆதாரமாக வைத்து, பக்கத்து ஏழு தெருக்களுக்கும் ஆதரவை விரிவுபடுத்தி ஆணை பிறந்தது. இரண்டு வாரம் கழித்து அடுத்த தெருவிலிருந்து ஒரு சைக்கிள் கடைக்காரர் மூச்சிரைக்க வந்தார். தங்கள் தெருவிலும் அடிபட்டவர்களுக்கு உதவ ஒரு சங்கம் இருந்ததாகச் சொன்னார்.

"ஏம்மா, அந்த மிக மிகத் திருப்தி போட்ட மகராசி யாருன்னு தெரியுமா?"

தையலக்கா தலை நிமிராமல் தையல் மிஷினை மிதித்தாள்.

"தெரியாதுண்ணே" என்றாள்.