ஆற்றுக்காரரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதகும்

சொந்தமாக ஓர் ஆறு வைத்திருந்த தமிழர், எனக்குத் தெரிந்து, சிட்னியில் ஆற்றுக்காரர் ஒருவர்தான். மற்றவர்கள் கார் வாங்கினார்கள், வீடு வாங்கினார்கள். இவர் வடக்கு இங்கிலாந்திலிருந்து ஓர் ஆற்றையே கொண்டுவந்து, அகப்பட்டவர் தலையிலெல்லாம் கொட்டிக்கொண்டிருந்தார்.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. சிட்னித் தமிழர்கள் அத்தனை பேரும் வந்தாலும் ஒரு சின்ன ஹாலில் பாதி நாற்காலி காலியாகக் கிடக்கும். அதனால் யாரும் யாரிடமிருந்தும் தப்ப முடியாது. அவருக்கு நல்லதொரு யாழ்ப்பாணப் பெயர் இருந்தது. அதை யாரும் சொன்னதில்லை. இங்கிலாந்தில் ஒரு பஞ்சாலையில் இன்ஜினியராக இருந்தவர். ஆலையை மூடியதும் இங்கே வந்துவிட்டார். தனிக்கட்டை. மனைவி அங்கேயே இறந்துபோனார் என்பது மட்டும் தெரியும்.

வீடு வாங்கியது சிட்னியின் மேற்கே பென்டில் ஹில் என்ற புறநகரில். ஏன் சார் இவ்வளவு தூரத்தில் என்று கேட்டால், அங்கே இங்கிலாந்தில் பென்டில் என்று ஒரு மலை இருக்கிறது, தன் ஆறு அதிலிருந்துதான் புறப்படுகிறது என்பார். இங்கே மலையைக் காணோமே என்றால் கோபித்துக்கொள்வார்.

என் மகளின் பிறந்தநாளன்று நடந்ததை என் மனைவி இன்றுவரை மன்னிக்கவில்லை. ஆற்றுக்காரர் விருந்தினர் முன்னால் தட்டில் இட்லியை வைத்தார். அது பென்டில் மலை. சாம்பாரை வளைத்து ஊற்றினார். அது ஆறு.

"இதில பாருங்கோ, முதல்ல தானியம் அரைக்கிற ஆலை. பிறகு பஞ்சு வந்தது. பஞ்சுக்குப் பின்னால நீராவி வந்தது. முழங்கால் அளவு தண்ணிதான், ஆனா ஒரு ஊருக்கே சோறு போட்டது" என்று சொல்லிக்கொண்டே வளைவுக்கு ஒரு வடையாக ஆலைகளை நட்டார். வடை தீர்ந்ததும் பக்கத்துத் தட்டில் கை வைத்தார்.

"சார், அது என் வடை" என்றார் பக்கத்தில் இருந்தவர்.

"கொஞ்சம் பொறும். இது சாய ஆலை. திங்கட்கிழமை ஆறு சிவப்பா ஓடும். புதன்கிழமை நீலம். நாட்காட்டி தேவையில்லை."

பிறகு சாம்பார் இன்னொரு ஆற்றோடு சேர்ந்து, அது கால்டர் ஆற்றில் கலந்து, கால்டர் ரிபிள் ஆற்றில் கலந்து, தட்டைத் தாண்டி மேசை விரிப்பில் ஐரிஷ் கடலாகத் தேங்கியது. கடல் வந்ததும் அவர் பேச்சு நின்றுவிடும். ஒவ்வொரு முறையும் அப்படித்தான். எங்களுக்கோ, அப்பாடா, முடிந்தது என்றிருக்கும்.

யாராவது லண்டன் போகிறார்கள் என்று தெரிந்தால் போதும், விமான நிலையத்தில் வரைபடத்தோடு நிற்பார். ஆற்றைப் போய்ப் பார்த்துவிட்டு வரவேண்டும். ஒருவர் பார்த்துவிட்டேன் என்று புளுகி ஒரு புகைப்படமும் கொடுத்தார். அதில் பின்னணியில் லண்டன் பாலம் கம்பீரமாக நின்றது. ஆற்றுக்காரர் ஒரு மாதம் அவர் வீட்டுப் பக்கமே போகவில்லை.

கடைசியில் என் முறை வந்தது. அலுவலகத்தில் ஆறு வாரப் பயிற்சிக்கு என்னை மான்செஸ்டருக்கு அனுப்பினார்கள். செய்தி தெரிந்த அன்றே வந்துவிட்டார். இட்லிப் பாத்திரத்தை என் மனைவி ஒளித்து வைத்தாள். ஆனால் அன்றைக்கு அவர் ஒன்றும் வரையவில்லை. சமையலறை நாற்காலியில் உட்கார்ந்து கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, அங்க ஜோர்ஜ் எண்டு ஒருத்தன் இருக்கிறான். என்னோட என்ஜின் அறையில வேலை செய்தவன். அவனிட்ட ஒரு கேள்வி கேட்க வேணும்."

"கடிதம் எழுதலாமே, சார்?"

"இதைக் கடிதத்தில எப்பிடிக் கேட்கிறது?"

பிறகு மெதுவாகச் சொன்னார். ஆலைக்குப் பக்கத்தில் ஒரு குளம். என்ஜினுக்கும் கொதிகலனுக்கும் தண்ணீர் அதிலிருந்துதான். சனிக்கிழமை மத்தியானம் ஆலை நின்றதும் ஆற்றிலிருந்து குளத்துக்குத் தண்ணீர் விடும் மதகைத் தூக்கிவிடுவார்கள். ஞாயிறு முழுக்க ஆற்றுத் தண்ணீர் குளத்தில் நிறையும். மதகு தூக்குவது அவருடைய வேலை. மனைவி இறந்த வாரம் அவர் லீவில் இருந்ததால் அந்த வேலையை ஜார்ஜ் பார்த்தார்.

"ஞாயிற்றுக்கிழமை காலமை சாம்பலைக் கொண்டுபோய் ஆத்தில விட்டனான். நாங்கள் ரெண்டு பேரும் போய் நிக்கிற இடம். அது மதகுக்கு மேல் பக்கம், தம்பி. பதினொரு வருசம் அந்த ஆத்தில வேலை செய்தவன், எனக்கு அந்த நேரம் அது ஞாபகம் வரேல்லை. செவ்வாய்க்கிழமை வேலைக்குப் போய்க் கொதிகலனுக்குத் தண்ணி திறக்கேக்கதான் வந்தது."

என் மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றாள்.

"ஜோர்ஜ் மதகைத் திறந்தவனெண்டால் அவள் கடலுக்குப் போகேல்லை, குளத்துக்குத்தான் போயிருப்பாள். கேட்க வேணும் எண்டு ஒவ்வொரு நாளும் நினைப்பன். ஓம், திறந்தனான் எண்டு சொல்லிப்போட்டால் நான் என்ன செய்யிறது? இப்ப அவனுக்கும் வயசு போட்டுது. அவனும் இல்லையெண்டால் கேட்க ஆளில்லை."

இத்தனை வருடம் அவரைப் பார்த்துச் சிரித்தவர்களில் நானும் ஒருவன். அன்றைக்கு எனக்கு என்மேலேயே வெறுப்பாக இருந்தது.

மான்செஸ்டர் போன முதல் சனிக்கிழமையே பஸ் பிடித்துப் போனேன். மழை. ஆலையை இடித்துக் குளத்தையும் மூடிவிட்டார்கள். ஆறு கண்ணாடியாக, எந்தச் சாயமும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. ஊரில் வேலை இல்லை என்பது அந்தத் தெளிவிலேயே தெரிந்தது. ஜார்ஜ் இரண்டு தெரு தள்ளி இருந்தார். தேநீர் கொடுத்து, நான் வந்த விஷயத்தைக் கேட்டுக்கொண்டார்.

சனிக்கிழமை வழக்கம்போல மதகைத் தூக்கியதாகச் சொன்னார்.

ஞாயிறு காலை குளத்தில் எவ்வளவு நிறைந்திருக்கிறது என்று பார்க்க வந்தாராம். ஆற்றோரத்தில் ஆற்றுக்காரர் நின்றிருந்தார். அந்தக் குளிரில் ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு, கையில் ஒரு செம்போடு. "உங்கள் வழக்கம் எனக்கு என்ன தெரியும்? ஆனால் வெறுங்காலோடு நிற்கும் ஆளைப் பார்த்தால் புரியாதா?" என்றார் ஜார்ஜ். ஆற்றுக்காரர் செம்பைத் திறப்பதற்குள் ஓடிப்போய் மதகை இறக்கிவிட்டார். திங்கட்கிழமை குளத்தில் தண்ணீர் போதவில்லை. மத்தியானம்வரை ஒரு தறிகூட ஓடவில்லை. மதகு துருப்பிடித்து மாட்டிக்கொண்டது என்று மேனேஜரிடம் பொய் சொல்லித் திட்டு வாங்கியிருக்கிறார்; மறுநாள் வேலைக்கு வந்த ஆற்றுக்காரர் காதில் அது விழாமலும் பார்த்துக்கொண்டாராம்.

ஆற்றுக்காரரிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"அவர் கேட்கவில்லையே. நாமாகப் போய்ச் சொல்கிற விஷயமா அது?" என்றார்.

சிட்னியில் இறங்கியதும் வீட்டுக்குக்கூடப் போகாமல் பென்டில் ஹில்லுக்குப் போனேன். கதவைத் திறந்தவர் என் முகத்தைப் பார்க்காமல் பெட்டியைப் பார்த்தார்.

"மதகு மூடியிருந்தது, சார்."

"எப்ப மூடினவனாம்?"

"நீங்க செம்பைத் திறக்கிறதுக்கு முன்னாலயே. உங்களைப் பார்த்துட்டுத்தான் மூடியிருக்கார்."

என் கையிலிருந்து பெட்டியை வாங்கி உள்ளே வைத்தார். அப்புறம் அழுதார். ஒரு பெரிய மனிதர் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. நானும் அழுதேன், வெட்கமில்லை. கண்ணைத் துடைத்துவிட்டு, "அவளுக்குப் பேர் புனிதம்" என்றார்.

அந்த ஆற்றின் தடுப்பணை ஒவ்வொன்றும் எங்களுக்கு மனப்பாடம். இந்தப் பெயரை நாங்கள் ஒருவரும் கேட்டதில்லை. அன்று பொழுது சாயும்வரை புனிதம் அக்காவைப் பற்றியே பேசினார். அக்காவுக்கு மழை பிடிக்காது. ஆங்கிலச் சீட்டாட்டத்தில் ஏமாற்றுவார். ஜார்ஜின் மனைவிக்கு அப்பம் சுடக் கற்றுக்கொடுத்தார்.

அதற்குப் பிறகு ஆற்றுக்காரர் ஆற்றைப் பற்றிப் பேசவே இல்லை. விருந்துகளில் எல்லோரையும்போலச் சாப்பிட்டுவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு போனார். இன்னும் ஒரே ஒரு முறை அந்த ஆற்றுக் கதையை அவர் வாயால் கேட்கக் கிடைத்தால், என் தட்டில் இருக்கும் வடை அத்தனையும் அவருக்குத்தான்.