ஆறு மணி மோட்டாரும் அஞ்சாவது ஆளும்

இந்த வருசம் ஒரு சபதம் எடுத்தேன். இனிமே எங்க வூட்டு மோட்டாரை நான் கையால தொட மாட்டேன்.

சிரிக்காதீங்க. ராஜகீழ்ப்பாக்கத்துல எங்க வூடு கட்டி இருபத்தஞ்சு வருசம் ஆவுது. போர்வெல்ல சாயங்காலம் ஆறுலேர்ந்து ஏழு வரைக்கும்தான் தண்ணி ஏறும். சுவிட்சைப் போட்டுட்டு, டேங்க்கைப் பாத்துகினு, ரொம்புனா அணைக்கணும். கல்யாணமான மறுநாள்லேர்ந்து அந்த உத்தியோகம் எனக்கு. "நான் அடுப்பாண்ட கீறேன்ல"ன்னுவா என் சம்சாரம் ஜீவிதா. மேட்டர் ஓவர்.

எனக்கு மறைமலை நகர் கம்பெனில நாலரைக்கு ஷிப்ட் முடியும். வர்ற வழில, சேலையூர்ல, என் ஆட்ட ஜோடி காலேப் வூட்டு போர்டிகோல கேரம் போர்டு. பவுடர் கொட்டி, லைட்டைத் தொங்கவுட்டு, வா வான்னு கூப்புடுது. குந்தி ரெண்டு காயின் அடிக்கறதுக்குள்ள மணி அஞ்சே முக்கா. போட்டது போட்டபடி ஓடணும். பேஜாரு.

காலேப் காட்டாங்குளத்தூர் காலேஜ்ல கம்ப்யூட்டர் லேப் பாத்துக்கறாரு. அவருதான் ஐடியா குடுத்தாரு. "வீட்டுக்கு ஒரு சாஃப்ட்வேர் போடு தினா. இங்க ஸ்ட்ரைக்கர், அங்க மோட்டார்."

ஞாயித்துக்கிழம காலைல லேப்டாப்போட வந்துட்டாரு. கேரம்னு ஒரு வார்த்தை வாயில வரக்கூடாதுன்னு கண்டிசன் போட்டுதான் உள்ள வுட்டேன்.

மனுசன் தொண்டையைக் கனைச்சாரு. கிளாஸ் எடுக்கற குரலு. "மேடம், மூணு இருக்கு. மொத சாஃப்ட்வேர் ராஜா மாதிரி. ஆனா பழைய சுவிட்சு ஆகாது. புது ஒயர் இழுக்க சுவத்தைக் கொஞ்சம் உடைக்கணும்."

"கொஞ்சம்னா?"

"நாலு ரூம்தான்."

"வூடே நாலு ரூம்தாண்ணா."

அது கேன்சல்.

"ரெண்டாவதுக்கு சுவத்தைத் தொட வேணாம். எல்லாம் நெட்டுல. அவங்க கம்ப்யூட்டர் வெளிநாட்டுல இருக்கு."

"நம்ம மோட்டாரை அணைக்க வெளிநாட்டாண்ட பெர்மிசன் கேக்கணுமா?"

"ஒரு செகண்டுதான் மேடம்."

"நெட்டு புட்டுகிச்சுன்னா?"

காலேப் என்னைப் பாத்தாரு. நான் ஃபேனைப் பாத்தேன்.

"ஓடிக்கிட்டே இருக்கும்."

"தண்ணி கேம்ப் ரோடு போய் சேர்ந்துடும்" அப்படின்னா ஜீவிதா.

மூணாவது ஓசி சாஃப்ட்வேர். உலகம் பூரா சும்மா இருக்கறவங்க சேர்ந்து எழுதுறதாம். வூட்லயே ஒரு பழைய லேப்டாப்ல ஓடும். இருக்கற சுவிட்சுக்குப் பின்னாடி தீப்பெட்டி சைஸுல ஒரு பொட்டி, டேங்க்ல ஒரு சென்சாரு. தானா போடும், தானா அணைக்கும்.

ஜீவிதா என்னாண்ட திரும்புனா. "அப்போ ஆறு மணிக்கு வூட்ல ஆள் வேணாமா?"

"வேணாம்."

"ஒருத்தருமே?"

"ஈ காக்கா வேணாம்."

"அப்பால மாத்திப் பேசக் கூடாது."

"எழுதிக் கையெழுத்து போட்டுத் தரவா?"

"அண்ணா சாட்சி. மூணாவதே போடுங்கண்ணா. என் போன்லயும் போட்டுருங்க. உங்க வூட்டு அண்ணி நம்பரும் குடுங்க, டவுட்டுன்னா கேட்டுக்கறேன்."

கல்யாணமான பதினோரு வருசத்துல மொத தடவ நான் சொன்னதுக்கு அவ தலையாட்டுனா. எனக்குத் தலகால் புரியல.

ரெண்டு வாரம் சொர்க்கம். ஒரு கையில டீ, ஒரு கையில ஸ்ட்ரைக்கர். ஏழு மணிக்கு ஜீவிதா போன் பண்ணுவா.

"எங்க கீறீங்க?"

"பெருங்களத்தூர்ல ஜாம்மு. வண்டி நவுரல."

"பாத்து மெதுவா வாங்க."

பாசத்தைப் பாருங்க. கண்ணுல தண்ணியே வந்துச்சு.

பதினஞ்சாவது நாள் போர்டிகோல நொழைஞ்சேன். என் ஸ்டூல்ல யாரோ குந்திகினு கீறாங்க. பாத்துப் பழகுன முதுகு.

"வாங்க" அப்படின்னா ஜீவிதா, திரும்பாமலே. "இன்னிக்கு ஜாம் இல்லியா?"

"நீ... இங்க இன்னா பண்ற? வூட்ல யாரு?"

"ஈ காக்கா வேணாம்னு நீங்கதான சொன்னீங்க."

டொக்குன்னு ஒரு சத்தம். செவப்பு காயின் உள்ள. இன்னொரு டொக். ஃபாலோ காயினும் உள்ள.

"யாரு... யாரு கத்துக் குடுத்தது?"

"நம்ம ஷோகேஸ்ல நாலு கப்பு கீதே, இன்னாதுன்னு நெனச்சீங்க?"

"கோலப் போட்டி..."

காலேப் சம்சாரம் ரேஷ்மா சிரிச்ச சிரிப்புல பவுடர் பறந்துச்சு. "நீங்க இங்க ஆடுறது அவங்களுக்கு அந்த ஞாயித்துக்கிழமையே தெரியும்ணா. நான்தான் போன்ல சொன்னேன்" அப்படின்னாங்க. சாஃப்ட்வேர்ல ஒரு டவுட்டும் ஜீவிதா கேக்கலியாம். கேரம் டைமிங்தான் கேட்டாளாம்.

போர்டுக்கு நாலு பேரு. எப்பவும் ஆடுற ஜீவரத்தினம் சார், பொன்னுசாமி, காலேப், என் எடத்துல ஜீவிதா. காலேப்பைப் பாத்தேன். "கோச்சிக்காத தினா, பத்து நாள்ல அசோசியேஷன் டோர்னமென்ட்டு" அப்படின்னு ஜோடியை மாத்திட்டாரு.

"அஞ்சாவது ஆளா சும்மா நின்னா கால் வலிக்கும்ங்க" அப்படின்னா ஜீவிதா. "வூட்டுக்குப் போங்க."

சாஃப்ட்வேர்ல ஒரு குத்தம் சொல்ல முடியாது. ஆறடிச்சா மோட்டார் போடுது, ரொம்புனா அணைக்குது, வாசல் லைட்டும் போடுது. தோசை ஊத்த மட்டும் அதுக்குத் தெரியலியாம், அதுக்கு ஜீவிதா என்னை செலக்ட் பண்ணியிருக்கா.