முன்னாள் அமைச்சரை வந்து அழைத்துச் செல்லவும்

அலங்காநல்லூர்
செவ்வாய்க்கிழமை காலை

மதிப்பிற்குரிய பெரியண்ணன் முத்துப்பாண்டி அவர்களுக்குத் தங்கை தமிழ்ச்செல்வி பணிந்து எழுதுவது. கம்பத்தில் நீங்களும் மதினியும் பிள்ளைகளும் திராட்சைத் தோட்டமும் செழிப்பாக இருக்க நம் கருப்பசாமி துணை நிற்கட்டும். இங்கே நானும் மாடுகளும் நலம். என் வீட்டுக்காரர், அதாவது உங்கள் மாப்பிள்ளையைப் பற்றித்தான் இந்தக் கடிதம். போனில் சொல்ல வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். மந்திரியாக இருந்தபோது மாதத்துக்கு நாலு நாள் கண்ணில் பட்ட மனிதர், பதவி போனதிலிருந்து வீட்டில் இருந்தால் எனக்குப் பத்தடிக்குள்ளேயே இருக்கிறார். வெளியே போனால் வாசலில் ஊரே உட்கார்ந்திருக்கிறது. இதில் எப்படிப் போனில் பேசுவது?

அவர் அரசியலுக்கு வந்த கதை உங்களுக்குத் தெரியும். ஜல்லிக்கட்டில் மைக் பிடித்து மாடு பேரும் ஆள் பேரும் கூவிக்கொண்டிருந்தவரை, குரல் நன்றாயிருக்கிறது என்று கட்சிக்காரர்கள் கூட்டிக்கொண்டு போனார்கள். ஒன்றியக் கவுன்சிலர் ஆனார், சேர்மன் ஆனார், இரண்டு தடவை எம்.எல்.ஏ.வுக்கு நின்று தோற்றார், மூன்றாம் தடவை ஜெயித்தார். ஜெயித்தவரை அப்படியே விட்டார்களா? மந்திரியாக்கி மீன்வளத்துறையைக் கொடுத்தார்கள். அண்ணே, அவர் அதுவரை கடலைப் பார்த்ததே ஒரு தடவைதான், என் மாமனார் அஸ்தியைக் கரைக்க ராமேஸ்வரம் போனபோது. அன்றைக்கும் அழுததில் சரியாகப் பார்க்கவில்லை. முதல் ஆய்வுக்குப் படகில் ஏற்றினார்கள். கரையை விட்டுக் கால் மைல் போவதற்குள் இரண்டு அதிகாரிகள் மேலும் ஒரு கேமராக்காரர் மேலும் வாந்தி எடுத்துவிட்டார். கேமராக்காரர் நல்லவர், அதைப் போடவில்லை.

பதினாலு மாதம் எப்படியோ ஓடியது. பிறகு ஒரு துறைமுகத்தில் மீன் ஏலக்கூடம் திறப்பு விழா. எழுதிக் கொடுத்த பேச்சுத் தாளைக் காற்று அடித்துக்கொண்டு போய்விட்டது. தாள் இல்லாவிட்டால் வாயை மூடிக்கொண்டு இறங்க வேண்டியதுதானே? பழைய மைக்குக்காரர் ஆயிற்றே, முடியுமா? "எனக்கு மீனைப் பத்தி ஒண்ணும் தெரியாதுய்யா. தெரிஞ்சவுக நீங்க. ஒங்களைக் கேக்காம நாங்களா மெட்ராசுல உக்காந்து முடிவெடுக்குறோம் பாருங்க, அது தப்பு" என்று பேசிவிட்டார். கைதட்டல் அடங்கவே அஞ்சு நிமிஷம் ஆனதாம். பேசியது வெள்ளிக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை பதவி போனது.

செய்தி வந்தபோது நாங்கள் திருப்பரங்குன்றத்தில் ஒரு காதுகுத்து விசேஷத்தில் இருந்தோம். அவரோடு போட்டோ எடுத்துக்கொள்ள மேடைக்குக் கீழே முப்பது பேர் வரிசையில் நின்றார்கள். ஒருத்தர் போனைப் பார்த்தார், பக்கத்தில் இருந்தவரிடம் காட்டினார், அவர் அடுத்தவரிடம் காட்டினார். அவ்வளவுதான், வரிசை அப்படியே பந்தி பக்கம் திரும்பிவிட்டது. பாதுகாப்புக்கு வந்த போலீஸ்காரத் தம்பி கண் கலங்கி நின்றது. "ஐயா, வண்டிய ஒடனே ஒப்படைக்கச் சொல்லிட்டாகய்யா."

"அதுக்கு ஏம்ப்பா அழுகுற? வெயிலுக்கு முந்திப் போய்ச் சேரு" என்று இவர் அதன் தோளைத் தட்டி அனுப்பினார்.

அப்புறம் டவுன் பஸ்தான். மதுரைப் பெரியார் பஸ் ஸ்டாண்டில் இறங்கி அலங்காநல்லூர் பஸ் ஏறினோம். வெள்ளை வேட்டி சட்டையோடு முன்னால் போய் காலியாக இருந்த சீட்டில் உட்கார்ந்தார். மாட்டுத்தாவணிச் சந்தையில் பூ வாங்கிக்கொண்டு கூடையோடு வந்த ஓர் அம்மா, "இது பொம்பளைக சீட்டுண்ணே, எந்திரிங்க" என்றது. எழுந்து, ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மறு கையை நெஞ்சில் வைத்து அந்த அம்மாவுக்கு வணக்கம் சொன்னார். பழக்கம். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். எனக்கு அழுகை அப்போதுதான் வந்தது.

அதற்குப் பிறகு வந்த நாட்களைத்தான் அண்ணே, என்னால் தாங்க முடியவில்லை. காலை ஆறு மணிக்குக் குளித்து, கஞ்சி போட்ட சட்டை மாட்டி, முன் அறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவார். எம்.எல்.ஏ.வாக இன்னும் இருந்தாலும் யாரும் வரமாட்டார்கள், மேலிடத்துக்கு ஆகாதவர் ஆயிற்றே. பால்காரர் மணி அடித்தால் சட்டைக் காலரைச் சரிசெய்வார். சோறு பாதி தட்டிலேயே கிடக்கும். இருபது நாள் இப்படியே பார்த்தேன். இருபத்தொன்றாம் நாள் பொறுக்கமாட்டாமல் ஒரு காரியம் செய்தேன். எல்லா வினையும் அதில்தான் தொடங்கியது. பக்கத்து வீட்டு இருளாயியைக் கூப்பிட்டு, "அக்கா, எதையாவது ஒரு மனுவ எழுதிக்கிட்டு வந்து அவுககிட்டக் குடுங்க, புண்ணியமாப் போகும்" என்றேன்.

அந்த அக்காவுக்கு உண்மையாகவே ஒரு குறை இருந்தது. ரேஷன் கார்டில் அதை ஆண் என்று போட்டுவிட்டார்கள். அதனால் பெண்களுக்கு வருகிற எந்த உதவியும் அதற்கு வருவதில்லை. "நான் பொம்பளைன்னு ஒரு தாள்ல எழுதி வாங்கிக் குடுங்கய்யா, அது போதும்" என்று நின்றது.

மாப்பிள்ளை முகத்தைப் பார்க்க வேண்டுமே. உடனே போனை எடுத்துத் தாலுகா ஆபீசுக்குப் போட்டார். "மருது பேசுறேன்" என்றார். "எந்த மருது?" என்றார்கள். போனை மெதுவாகக் கீழே வைத்தார். ஐயோ, இருந்ததும் போச்சே என்று நினைத்தேன். அவரோ மாட்டுக்கொட்டகையிலிருந்து பழைய டிவிஎஸ் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து, "ஏறுக்கா பின்னால" என்றார்.

அங்கே நடந்ததை அந்த அக்கா வந்து சொல்லித்தான் தெரியும். டோக்கன் வாங்கி நாலு மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். முறை வந்தபோது, "நீங்க யாரு சார்?" என்று கேட்டிருக்கிறார்கள். "பக்கத்து வீட்டுக்காரன்" என்றாராம். அடுத்தது, இந்த அம்மா பெண்தான் என்பதற்கு ஆதாரம் வேண்டும் என்றிருக்கிறார்கள். மாப்பிள்ளை பதில் சொல்லுமுன் இருளாயி அக்கா மேசையில் கையை ஊன்றிவிட்டது. "நாலு புள்ள பெத்திருக்கேன். அதுல மூணாவது இந்த ஆபீசுலதான் டிரைவரா இருக்கு. கூப்பிட்டு ஆத்தாளா அப்பனான்னு கேளு!"

டிரைவரும் வந்தார். மொத்த ஆபீசும் சிரித்தது, கார்டும் திருந்தியது. அன்று மாப்பிள்ளை வந்து ஏழு தோசை சாப்பிட்டார். எனக்கு என்ன நிம்மதி தெரியுமா!

அந்த நிம்மதி ஒரு நாள்தான். மறுநாள் வாசலில் ஒன்பது பேர். அதற்கடுத்த நாள் இருபத்தி நாலு. மந்திரியாக இருந்தபோதுகூட இம்புட்டுக் கூட்டம் வந்ததில்லை, அண்ணே. அப்போது வந்தவர்கள் சால்வையைப் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். இவர்கள் டீ குடிக்கிறார்கள். ஒருத்தர் தன் மாமியாரைப் பற்றி மூன்று பக்கம் மனு எழுதிக்கொண்டு வந்தார். அதையும் வாங்கி வைத்திருக்கிறார். காலையில் யாரையாவது வண்டியில் ஏற்றிக்கொண்டு போனால், ஏதாவது ஓர் ஆபீஸ் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டுச் சாயங்காலம் கருத்துப்போய் வருகிறார். முழங்கால் வலிக்கு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள் என்று நான் கேட்டால், வாய் தவறி, "மனுவா எழுதிக் குடும்மா" என்கிறார். எழுதிக் கொடுத்தேன். பதினேழாவது நம்பராக இருக்கிறதாம்.

ஆகையால் அண்ணே, எனக்கு அரசியலும் வேண்டாம், மந்திரி வேலையும் வேண்டாம், கொடி கட்டிய காரும் வேண்டாம். இந்த வீட்டில் எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் சோறு பொங்கினால் போதும். இந்த வாரமே நீங்கள் வந்து உங்கள் மாப்பிள்ளையைக் கம்பத்துக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். ஆறு மாதம் திராட்சைத் தோட்டத்தில் வைத்துக்கொள்ளுங்கள். திராட்சைக் கொடி மனு கொடுக்காது. மதினிக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். பிள்ளைகள் படிப்பும் சுகமுமாக நூறு வருஷம் இருக்கட்டும்.

தங்கள் அன்புத் தங்கை,
தமிழ்ச்செல்வி

பின்குறிப்பு: அண்ணே, தபாலில் போடக் கிளம்பும்போது மெட்ராசிலிருந்து போன். அந்தத் துறைமுகத்துக்காரர்கள் இவர்தான் வேண்டும் என்று ஊர்வலம் போனார்களாம். நாளைக் காலையில் மறுபடியும் பதவியேற்பு. இவர் எழுந்து நின்று பேசினார்: "நாளைக்கு அங்க வந்தா வியாழக்கெழமைக்குள்ள திரும்ப முடியாதுண்ணே. அன்னைக்குத் தாலுகா ஆபீசுல நாலு பேருக்கு முறை வருது. வெள்ளிக்கெழமைன்னா வாரேன்." வாசலிலிருந்து ஓடிவந்து போனைப் பிடுங்கி, "நான் அவுக வீட்டுக்காரி பேசுறேங்கய்யா, இந்தா கெளம்பிட்டோம்" என்று சொல்லிவிட்டேன். என்ன துறை என்று கேட்கவில்லை. பட்டுச்சேலையைத் தேய்க்கக் கொடுத்திருக்கிறேன். ஆனால் அந்த நாலு பேருக்கு ஒரு வழி செய்யாமல் காரில் ஏறமாட்டேன் என்று உட்கார்ந்திருக்கிறார். அவர்களை என் பெரியண்ணன் வந்து ஆபீசுக்குக் கூட்டிப் போவார் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். இனித் தபால் உதவாது, இதைப் போட்டோ எடுத்து உங்கள் போனுக்கு அனுப்புகிறேன். நாளை ராத்திரிக்குள் வந்துவிடுங்கள். டோக்கன்கள் சாமி படத்துக்குப் பின்னால் இருக்கின்றன. வியாழக்கிழமை எட்டு மணிக்கே போனால்தான் பெஞ்சில் இடம் கிடைக்குமாம்.