முனியாண்டி கோயில் எலுமிச்சையும் என் மகளின் லோரியும்

பிள்ளைகளுக்கு வாழ்க்கையில் ஓர் இலக்கு வேண்டும் என்று சொல்கிற பெற்றோர் யாரும் முழு உண்மையைச் சொல்வதில்லை. நாங்கள் மனத்தில் ஏற்கெனவே ஓர் இலக்கை வைத்திருக்கிறோம், பிள்ளை அதைத் தானாகக் கண்டுபிடித்ததுபோல் நடிக்க வேண்டும், அவ்வளவுதான். நானும் அந்த இனம். சோற்றில் ரசம் ஊற்றும்போதுகூட என் மகள் தர்ஷினியிடம் இலக்கைப் பற்றிப் பேசியிருக்கிறேன். (ரசம் ஆறிவிடும். பேச்சு ஆறாது.)

அவளுக்காக நான் கண்டுபிடித்த இலக்கு கணக்கியல். பாதிப் படிப்பில் விட்டுவிட்டு வீட்டுக்கு வந்து அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். ஏறக்குறைய இரண்டு வருடங்கள். பகலிலும் திரைச்சீலை திறக்காது. சாப்பிடக் கூப்பிட்டால் “அப்புறம்” என்பாள். நான் வேலைக்குக் கிளம்பும் முன் அவள் கதவில் காதை வைத்து, உள்ளே ஏதாவது சத்தம் கேட்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் போவேன். அந்தப் பயத்தை வைத்து நகைச்சுவை செய்ய எனக்கு இன்னும் வரவில்லை.

அப்படி இருந்தவள் ஒரு ஞாயிற்றுக்கிழமை குளித்து, தலை சீவி, சமையலறைக்கு வந்து நின்றாள்.

“ப்பா, எனக்கு என்ன வேணும்னு தெரிஞ்சிருச்சு.”

“சொல்லும்மா!” எனக்குக் கண் கலங்கிவிட்டது.

“லோரி ஓட்டப் போறேன். செம்பனப் பழம் ஏத்துற லோரி.”

நான் என்ன வேலை பார்க்கிறேன் என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். கிள்ளானில் ஒரு காப்புறுதி நிறுவனத்தில், வாகன விபத்து இழப்பீட்டுப் பிரிவு. காலையில் கணினியைத் திறந்தால் நசுங்கிய வண்டிகள்தான் எனக்கு வணக்கம் சொல்லும். கார் மேல் லோரி, வாய்க்காலில் லோரி, ஒரு முறை கோழிக்கடைக்குள் லோரி. இருபது வருடங்களாக இதைப் பார்ப்பவனிடம் வந்து ஒரே மகள் இப்படிச் சொல்கிறாள்.

வாயைத் திறந்தேன். என் மனைவி சாந்தி முந்திக்கொண்டாள். “என்னங்க, ரெண்டு வருசத்துக்கப்புறம் இன்னிக்குத்தான் அவளா எழுந்து வந்திருக்கா. ஏதாச்சும் சொன்னீங்க, நானே லோரி ஏறி ஓடிருவேன்.”

வாயை மூடிக்கொண்டேன். தர்ஷினி விடியலில் எழுந்து பயிற்சிக்குப் போனாள். முதல் தேர்வில் தோற்று, அழுது, மறுபடி போய் லோரி லைசென்ஸ் வாங்கினாள். கோல சிலாங்கூருக்கு வடக்கே, எண்ணெய்க்காகச் செம்பனை வளர்க்கும் ஒரு தோட்டத்தில் பழம் ஏற்றும் குத்தகையாளர் பாலன் அவளைக் கூப்பிட்டு, “ஓட்டிக் காட்டு, பார்ப்போம்” என்றார். காலி லோரியைத் தோட்டத்துப் பாதையில் ஓட்டி, வாய்க்கால் பாலத்தைக் கடந்து, முனையில் திரும்ப வேண்டும். சரியாக ஓட்டினால் வேலை. சொதப்பினால், பெண் பிள்ளைக்கு லோரி கொடுக்க அந்த வட்டாரத்தில் வேறு ஆள் கிடையாது.

அன்று பார்த்து லோரியின் கிளிண்டான் வரவில்லை. கிளிண்டான் என்றால் டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, வண்டிக்கு முன்னும் பின்னும் பார்த்துச் சொல்கிற உதவியாள்.

“நான் உட்கார்றேன்,” என்றேன்.

“நீங்க வேணாம்ப்பா.”

“சும்மாதாம்மா உட்காருவேன்.”

சும்மா உட்காரும் எண்ணமில்லை. கையில் ஒரு பை நிறைய முனியாண்டி கோயில் எலுமிச்சம் பழம் இருந்தது. நம்மூரில் எந்த வண்டியும் முனியாண்டியைப் பார்க்காமல் சாலைக்கு வராது. காராக இருந்தால் சக்கரத்துக்கு ஒன்று வீதம் நாலு பழம் வைத்து, ஏற்றி நசுக்கினால் திருஷ்டி கழிந்தது. லோரிக்கு எத்தனை பழம் என்று பூசாரிக்கும் குழப்பம், எனக்கும் குழப்பம். பயந்தவன் எப்போதும் கூடுதலாகத்தான் வாங்குவான். சக்கரங்களுக்கு வைத்தது போக மிஞ்சியவற்றை, சாமி பக்கத்திலேயே இருக்கட்டும் என்று, முன் கண்ணாடிக்குக் கீழே வரிசையாக அடுக்கினேன்.

“உருளும்ப்பா.”

“சாமி பழம் எப்படிம்மா உருளும்?”

(இந்த வசனத்தை நினைத்தால் இப்போதும் தலையில் அடித்துக்கொள்கிறேன்.)

லோரி கிளம்பியது. என் வலது கால் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தது. பாலன் தன் பிக்கப்பைப் பாலத்துக்கு அந்தப் பக்கம், பாதை திரும்பும் முனையில் நிறுத்திவிட்டு, அதன்மேல் சாய்ந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். பாலம் ஏறும் இடத்தில் ஒரு மேடு. லோரி ‘தடக்’ என்று குதித்தது. சாமி பழம் உருண்டது.

பாலத்தைத் தாண்டி இறக்கத்தில் தர்ஷினி பிரேக்கை மிதித்தாள்.

“ப்பா, பிரேக் எறங்கல!”

“என்னம்மா சொல்ற?”

“உள்ள ஏதோ மாட்டியிருக்கு!”

எலுமிச்சை. பிரேக் மிதிக்கும் கட்டைக்குப் பின்னால், அதற்கென்றே அளவெடுத்துச் செய்ததுபோல் உட்கார்ந்திருந்தது. எதிரே பிக்கப். பிக்கப்பின் மேல் பாலன். என் கண் முன்னால் நாளைக் காலை என் மேசைக்கு வரப்போகும் படம் தெரிந்தது. அதில் நானும் இருந்தேன்.

இருபது வருட அனுபவசாலி என்ன செய்வான்? சீட்பெல்ட்டைக் கழற்றினேன். (ஆம், கழற்றினேன்.) “முனியாண்டி!” என்று கத்திக்கொண்டு, பழத்தை எடுக்க அவள் காலடியில் தலைகீழாகப் பாய்ந்தேன். என் தலை கியருக்கும் அவள் முழங்காலுக்கும் நடுவில் சிக்கிக்கொண்டது.

“தலைய எடுங்கப்பா! கியர் போடணும்!”

“பழம்மா… பழம்…”

“பழம் கெடக்கட்டும், தலைய எடுங்க!”

இடக்கையால் என் நெற்றியைப் பிடித்து ஒரு தள்ளு தள்ளினாள். கியர் இறங்கி எஞ்சின் அலறுவது கேட்டது. ஹேண்ட்பிரேக் விட்டு விட்டு இழுபடுவது கேட்டது. பிறகு லோரி பாதையிலிருந்து விலகி, செம்பனை வரிசைக்கு நடுவே வெட்டிக் குவித்திருந்த காய்ந்த மட்டைகளுக்குள் ‘சரசர’வென்று புகுந்து நின்றது.

கால்கள் இருக்கையிலும் தலை தரையிலுமாக நான் கிடந்தேன். உயிரோடு இருக்கிறோமா என்று கேட்கக்கூடத் தைரியமில்லை.

“ப்பா, அடிபட்டுச்சா?” என்றாள் தர்ஷினி.

“உனக்குப் பயமா இல்லையாம்மா?”

“செத்துட்டேன்ப்பா பயத்துல. ஆனா கைக்கு வேலை தெரிஞ்சிருந்துச்சு.”

கதவு திறந்தது. பாலன். மூச்சிரைக்க ஓடி வந்திருந்தார். முதலில் என் செருப்பைப் பார்த்தார், அப்புறம் தரையில் என் முகத்தை, அப்புறம் என் கையிலிருந்த பழத்தை. (எல்லாம் முடிந்த பிறகு பழம் சுலபமாக வந்துவிட்டது.)

“யாருய்யா இத உள்ள வச்சது?”

பதில் என் கையிலேயே இருந்தது. அவர் தர்ஷினியைப் பார்த்தார். “கியர எத்தனைக்கு எறக்குன?”

“ரெண்டுக்கு, அங்கிள். ஹேண்ட்பிரேக்க ஒரேடியா இழுக்கல. வண்டி சுத்திரும்.”

“மட்டைக்குள்ள ஏன் விட்ட?”

“முன்னால நீங்க நின்னீங்க, அங்கிள்.”

பாலன் தன் பிக்கப்பைத் திரும்பிப் பார்த்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“திங்கக்கெழம வந்துரு,” என்றார். “பொண்ணு ஓகே லா. அப்பா வேணாம்.”

அந்த ஒரு வாக்கியம் எங்கள் குடும்பத்துக்குக் குலமொழியாகிவிட்டது. கல்யாண வீட்டில் புகைப்படத்துக்கு நிற்கப் போனால் என் மைத்துனன் மேடைக்குக் கீழிருந்து கத்துவான்: “பொண்ணு ஓகே லா, அப்பா வேணாம்!” புகைப்படக்காரர் நிஜமென்று நம்பி ஒரு முறை என்னை ஒதுங்கச் சொன்னார்.

தர்ஷினி இப்போது தினமும் விடியலில் கிளம்புகிறாள். அவள் அறையில் திரைச்சீலை திறந்திருக்கிறது. நான் கதவில் காது வைப்பதில்லை. அதற்குப் பதிலாக, அலுவலகத்தில் லோரிப் படம் எதைத் திறந்தாலும் முதலில் வண்டியின் நிறத்தைப் பார்க்கிறேன். இரண்டு பயங்களில் ஒன்றைத் தேர்ந்துகொள் என்று யாராவது கேட்டால், இதையே வைத்துக்கொள்கிறேன் என்பேன்.

போன மாதம் ஜெராமில் நண்டு சாப்பிடப் போயிருந்தோம். தர்ஷினி சாதாரணமாகச் சொன்னாள்: “அடுத்து ட்ரெய்லர் ஓட்டலாம்னு இருக்கேன்ப்பா. கிள்ளான் துறைமுகத்துலருந்து தாய்லாந்து எல்லை வரைக்கும்.”

“கூட வர ஆள் வேணுமாடி?” என்றாள் சாந்தி, என்னைப் பார்த்தபடி.

மூவரும் சிரித்தோம். நான்தான் அதிகச் சத்தமாகச் சிரித்தேன். ஆனால் நண்டுக் காலை உடைக்க முடியவில்லை. தர்ஷினி அதை என் கையிலிருந்து வாங்கி, ஒரே அழுத்தில் உடைத்து, சதையை எடுத்து என் தட்டில் வைத்தாள்.