காசோலை ஒன்று கேட்டு அண்ணைக்கு

கொலோன்,
14.10.2025

அன்புக்கும் மதிப்புக்கும் உரிய அண்ணை கனகலிங்கம் அவர்களுக்கு,

தம்பி விஜயரத்தினம் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் கலாதேவியும் மகள் தேனுஜாவும் குறையில்லாமல் இருக்கிறோம். உங்கள் சுகத்தைப் பதினொரு வருடமாக மற்றவர்கள் சொல்லித்தான் அறிகிறேன். கண்ணில் வெண்படலம் எடுத்ததாகவும், இப்போது கண்ணாடி இல்லாமலே பேப்பர் வாசிப்பதாகவும் கேள்வி. சந்தோசம். அதை நம்பித்தான் எழுத்தைப் பெரிதாக்காமல் எழுதுகிறேன்.

பழைய கதை பேச இந்தக் கடிதம் எழுதப்படவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு ஒரு காசோலை வேண்டும். காசு வேண்டாம், அதை அன்றைக்கே உங்கள் கணக்கில் போட்டுவிடுவேன். காசோலை என்கிற அந்தத் தாள்தான் வேண்டும். லண்டனில் அது இன்னும் இருக்கிறதாம். நீங்கள் கோயிலுக்குக்கூடக் காசோலைதான் எழுதுவீர்கள் என்று இங்கே பேச்சு.

விசயம் இதுதான். கலாவும் பிள்ளையும் ஜெர்மன் குடியுரிமை எடுத்து இருபது வருடமாகிறது. நான் மட்டும் எடுக்கவில்லை. பழையதை விட்டால்தான் புதியது என்று அப்போது சொன்னார்கள். அந்தப் பழையதால் எனக்கு ஒரு நன்மையும் இருந்ததில்லை, ஆனாலும் விட மனம் வரவில்லை. ஏன் என்று கேட்டால் இன்றைக்கும் சொல்லத் தெரியாது. விமான நிலையத்தில் அவர்கள் இருவரும் ஒரு வரிசையில் விறுவிறென்று போய்விடுவார்கள். நான், கடவுச்சீட்டு இல்லாதவர்களுக்கு இங்கே கொடுக்கிற சாம்பல் நிறப் பயணப் புத்தகத்தோடு மற்ற வரிசையில் நிற்பேன். அவர்கள் பெட்டிகளை எடுத்து, கோப்பியும் குடித்து முடிக்கிற நேரம்தான் நான் போய்ச் சேருவேன். இப்போது சட்டம் மாறி இரண்டையும் வைத்திருக்கலாம் என்று ஆகிவிட்டது. நானும் குடியுரிமைக்கு ஒரு அன்ட்ராக், அதுதான் விண்ணப்பம், போட்டேன். அதைப் பார்த்த அலுவலர் அம்மா, "நீங்கள் யார் என்பதற்கு உங்கள் நாட்டுக் கடவுச்சீட்டைக் கொண்டுவாருங்கள்" என்றார். முப்பத்துமூன்று வருடம் இந்த ஊருக்குப் பாண் சுட்டுக் கொடுத்து ஓய்வு பெற்றவன் யார் என்று இன்னொரு நாடு சொல்லவேண்டும். சரி என்றேன்.

எங்கள் நாட்டுத் தூதரகத்தின் கடவுச்சீட்டுப் படிவத்தைக் கோபாலன் தந்தார். உங்களுக்கு அவரைத் தெரியாது. எங்கள் தமிழ்ச் சங்கத்தில் படிவங்களுக்கு அவர்தான் ஆள், பிறப்பிலிருந்து இறப்புவரை எதற்கும் ஒன்று கோப்பில் வைத்திருப்பார். அதன் கடைசிப் பக்கத்தில், "கட்டணத்தைக் காசோலையாகவோ காசுக்கட்டளையாகவோ இணைக்கவும், காசு அனுப்ப வேண்டாம்" என்று இருந்தது. அதில் என்ன கஷ்டம் என்று நினைத்துத் தெருமுனை வங்கிக்குப் போனேன். அங்கே பிளோறன்ஸ் என்று ஒரு பிள்ளை, தேனுஜாவைவிட வயது குறைவு. எனக்கு ஒரு 'ஷெக்' வேண்டும் என்றேன். அவளுக்கு அது 'கெஷெங்க்' என்று கேட்டிருக்கிறது. அது பரிசுப்பொருளுக்குச் சொல்கிற பேர். முகமெல்லாம் சிரிப்பாக, "ஓ, யாருக்கு? பிறந்தநாளா?" என்றாள். "தூதரகத்துக்கு" என்றேன். சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. பிறகு நான் காற்றில் ஒரு தாளை வரைந்து, அதில் கையெழுத்தும் போட்டுக் காட்டினேன். அவள் உள்ளே போய் ஓய்வுபெற இருக்கிற ஒருவரைக் கூட்டிவந்தாள். அந்த மனிதனுக்கு வந்த ஆனந்தத்தை என்ன சொல்ல! கதிரையை இழுத்துப் போட்டு, தான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் காசோலைகளை எப்படி அடுக்கினார்கள், எந்த மையில் முத்திரை குத்தினார்கள் என்று இருபது நிமிடம் சொன்னார். நானும் கேட்டுக்கொண்டிருந்தேன். கடைசியில் எழும்பி என் கையைப் பிடித்துக் குலுக்கி, "இப்போது நாங்கள் அது கொடுப்பதில்லை" என்றார்.

சரி, காசுக்கட்டளை என்று தபால் பக்கம் போனேன். எங்கள் பகுதியில் தபாலகம் இப்போது ஒரு கொப்பி பென்சில் கடைக்குள் இருக்கிறது. காசுக்கட்டளை எப்போதோ நின்றுவிட்டது, வேண்டுமானால் இந்த இயந்திரத்தால் அனுப்பலாம் என்றாள் கடைக்காரி. பெறுபவரின் முதற்பெயர் கேட்டது. 'தூதரகம்' என்று அடித்தேன். குடும்பப்பெயர் கேட்டது. 'கடவுச்சீட்டுப் பிரிவு' என்று அடித்தேன். அதையும் ஏற்றுக்கொண்டது, அண்ணை. அடுத்ததாக, பெறுபவர் உங்களுக்கு என்ன உறவு என்று கேட்டு மூன்று பெட்டி காட்டியது: குடும்பம், நண்பர், ஏனையோர். எனக்குப் பின்னால் பார்சலோடு ஏழு பேர். குடும்பம் என்று அமத்தக் கை போகவில்லை. நண்பர் என்றால் எண்பத்தொன்பதில் இங்கே வந்து இறங்கி நான் அகதியாகக் கொடுத்த வாக்குமூலம் முழுக்கப் பொய்யாகிவிடும். ஏனையோர் என்று அமத்தியிருக்கலாம், அதுவும் ஏலாமல் போயிற்று. ஏனையோர் என்றால் இவ்வளவு காலம் எதைப் பிடித்துக்கொண்டு அந்த மற்ற வரிசையில் நின்றேன்? கடைக்காரி எட்டிப் பார்த்து, "யாரென்று மறந்துவிட்டதா?" என்றாள். மன்னிக்கவேண்டும் என்று சொல்லி வெளியே வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் கலா சிரிக்கவில்லை. "கொண்ணரிட்டைக் கேளுங்கோவன்" என்றாள்.

"அவர் என்னோட கதைக்கமாட்டார்."

"கதைக்கச் சொல்லி ஆர் கேட்டது? செக் ஒண்டு எழுதச் சொல்லித்தானே கேக்கப்போறியள்."

அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். உட்கார்ந்த பிறகு காசோலையைப் பற்றி மட்டும் எழுதமுடியவில்லை. உங்கள் கம்சனாவின் கலியாணத்துக்கு எனக்கு விசா மறுத்துவிட்டார்கள் என்று உங்களுக்குச் சொன்னேன் அல்லவா? மறுக்கவில்லை, அண்ணை. நான் விசாவுக்கு விண்ணப்பிக்கவே இல்லை. அந்தப் படிவம் பேக்கரியில் என் அலுமாரிக்குள் மூன்று கிழமை கிடந்தது. கலாவும் பிள்ளையும் கையை வீசிக்கொண்டு லண்டன் வரலாம், நான் மட்டும் கைரேகை கொடுத்து, வங்கிக் கணக்கைக் காட்டி, திரும்பிப் போய்விடுவேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத்தான் என் சொந்த அண்ணை மகளின் கலியாணத்துக்கு வரவேண்டும். நாளைக்கு நிரப்புவோம், நாளைக்கு நிரப்புவோம் என்று நாள் கடந்துவிட்டது. வெட்கத்தில் வாயில் வந்ததைச் சொன்னேன். நீங்கள் அதை நம்பி, உங்கள் தொகுதிப் பாராளுமன்ற உறுப்பினருக்கு இரண்டு பக்கத்தில் முறைப்பாடு எழுதுவீர்கள் என்று நான் கண்டேனா? "உன்ர பேரில ஒரு விண்ணப்பமும் வரேல்லையாமடா" என்று நீங்கள் தொலைபேசியில் கேட்டபோது, "அப்ப அவங்கள் பொய் சொல்லுறாங்கள், நீங்களும் அவங்களைத்தான் நம்புறியள்" என்று கத்திவிட்டுத் தொலைபேசியை வைத்தவன் நான். அதன் பிறகு நீங்கள் எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. கலாவுக்கும் அன்றைக்குச் சொன்னது அதே பொய்தான். அவள் இத்தனை வருடமும் உங்களைத்தான் குறை சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

ஆகவே, காசோலையை இத்துடன் வைத்திருக்கும் தாளில் உள்ள பெயருக்கு எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பிவைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். அண்ணிக்கும் கம்சனா குடும்பத்துக்கும் எங்கள் அன்பு. கம்சனாவுக்கு இரண்டு பிள்ளைகளாம், இருவருக்கும் இந்தச் சின்னத் தாத்தாவின் ஆசி. நயினை அம்மாள் உங்கள் கண்ணையும் காலையும் பத்திரமாக வைத்திருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் தம்பி
விஜயரத்தினம்

பி.கு.: உறையில் போட்டு ஒட்டியதைத் திரும்பப் பிரித்து இதை எழுதுகிறேன். தேனுஜா வேலையால் வந்து, விசயத்தைக் கேட்டு, தூதரகத்துக்கு ஒரு தொலைபேசி எடுத்தாள். நாலு நிமிடம். கோபாலனின் படிவம் பழசாம். காசோலை இப்போது எடுப்பதே இல்லையாம், நேரில் போகும்போது வங்கி அட்டையால் கட்டலாமாம். வருகிற மாதத்துக்கு டெர்மீனும், அதாவது நேரில் போக ஒரு நாளும், எடுத்துத் தந்துவிட்டுச் சாப்பிடப் போய்விட்டாள். ஆகவே காசோலை தேவையில்லை. கடிதத்தைக் கிழித்துவிடுவோமா என்று கலாவிடம் கேட்டேன். வாங்கி முழுவதையும் வாசித்தாள். "எனக்குமே சொல்லேல்ல" என்றாள். பிறகு மேசை லாச்சியைத் திறந்து முத்திரையை எடுத்துத் தன் கையாலேயே உறையில் ஒட்டினாள். எனவே அண்ணை, மேலே எழுதிய எல்லாவற்றையும் தள்ளிவிடுங்கோ. விசாவைப் பற்றிய அந்த ஒரு பந்தியை மட்டும் வாசியுங்கோ. பதில் எழுத மனம் வராவிட்டால், ஏசியாவது எழுதுங்கோ.